நழுவுகோலும் தசமப் புள்ளியும்



ஒரு கடிகாரத்திலிருந்து மணி முள்ளைக் கழற்றிவிட்டு, நிமிட முள்ளை மாத்திரம் ஓடவிட்டால் என்ன நிகழும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். முள் இருபது நிமிடத்தைக் காட்டுகின்றது. அது துல்லியமான செய்தியே. ஆனால் எத்தனை மணிக்கு மேல் இருபது நிமிடம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. வெயிலின் சாய்வையும் வயிற்றின் பசியையும் கொண்டு, பார்ப்பவரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். இத்தகைய கடிகாரத்தை எவரும் விலைகொடுத்து வாங்கார். ஆயினும், இதே குறைபாடுடைய ஒரு கணிப்புக் கருவியைப் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் கையாண்டனர். அதனைக் கொண்டே பாலங்களும் கப்பல்களும் ஆகாய விமானங்களும் திட்டமிடப்பட்டன. ஆங்கிலத்தில் அதற்குச் சிலைட் றூல் என்று பெயர். தமிழில் நழுவுகோல் எனலாம்.

நழுவுகோலைக் கண்ணாற் காணாதவர்களும் அதன் அமைப்பை எளிதில் உணரலாம். ஓர் அடி அளவான தட்டையான கோல். அதன் நடுவே ஒரு பள்ளம். அப்பள்ளத்தில் இன்னொரு மெல்லிய சட்டம் இடமும் வலமுமாக நழுவும். இவற்றின்மேல், நடுவிற் கோடு கீறிய ஒரு கண்ணாடித் துண்டு ஓடும். அதனை ஓடி என்பர். நிலையான கோலிலும் நழுவும் சட்டத்திலும் எண்கள் பொறித்த அளவிடைகள் உண்டு. அவ்வளவே கருவி. பற்சக்கரமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை.

சாதாரணமான இரண்டு அடிமட்டங்களை எடுத்து, ஒன்றின் 2 என்ற குறிக்கு நேரே மற்றதன் தொடக்கத்தை வைத்தால், இரண்டாவதின் 3 என்ற குறி முதலாவதின் 5 என்ற குறிக்கு நேரே வந்து நிற்கும். நீளங்களைக் கூட்டினால் எண்களும் கூடுகின்றன. இனி, எண்களை அவற்றின் அளவுக்கேற்பப் பொறிக்காமல், அவற்றின் மடக்கைகளுக்கேற்பப் பொறித்தால் என்ன ஆகும்? மடக்கைகளைக் கூட்டினால் எண்கள் பெருகும். ஆகவே, நீளங்களைக் கூட்டும் அதே செயல் இப்பொழுது பெருக்கலாகிவிடுகின்றது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யோன் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கைகளை உலகுக்கு வெளியிட்டார். 1620இல் எட்மண்ட் கண்டர் என்பார் மடக்கைகளை ஒரு கோலிற் பொறித்து, கவராயத்தால் நீளங்களை எடுத்துக் கூட்டும் முறையைக் காட்டினார். அதே பத்தாண்டில் வில்லியம் ஓட்ரெட் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, கவராயமே வேண்டாது இரு அளவிடைகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தும் வழியைக் கண்டார். நழுவுகோல் பிறந்த வரலாறு இதுவே.

இங்கேதான் மணி முள் கழன்று விழுகின்றது. மடக்கை அட்டவணையைக் கையாண்ட மாணவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஓர் எண்ணின் மடக்கையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று முழுவெண் பகுதி. மற்றது தசமப் பகுதி. 2இன் மடக்கை 0.301, 20இன் மடக்கை 1.301, 200இன் மடக்கை 2.301. தசமப் பகுதி மூன்றிலும் ஒன்றே. அஃது இலக்கங்கள் யாவை என்பதை உரைக்கின்றது. முழுவெண் பகுதியோ எண்ணின் பருமன் எத்துணை, அஃதாவது தசமப் புள்ளி எங்கே இருக்கின்றது என்பதை உரைக்கின்றது. நழுவுகோலின் முதன்மையான அளவிடைகளுக்குச் சீ என்றும் டீ என்றும் பெயர். அவை 1 முதல் 10 வரை மாத்திரமே ஓடுகின்றன. ஆதலால் அவை தசமப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முழுவெண் பகுதியைக் கைவிட்டுவிடுகின்றன. அவ்வளவிடையில் 2க்கும் 20க்கும் 200க்கும் 0.002க்கும் இடம் ஒன்றே.

ஓர் உதாரணம் கூறலாம். 46 அடி நீளமும் 32 அடி அகலமும் உள்ள ஒரு தளத்தின் பரப்பு வேண்டும். நழுவுகோல் 147 என்ற இலக்கங்களைக் கொடுக்கும். கூர்ந்து நோக்கின் அதற்கு மேல் ஒரு 2 இருப்பதாகவும் தோன்றும். ஆனால் விடை 147 சதுர அடியா, 1,472 சதுர அடியா, 14,720 சதுர அடியா என்பதைக் கோல் அறியாது. பயன்படுத்துபவர்தாம், 50ஐ 30ஆற் பெருக்கினால் 1,500 என்று மனத்திற் கணித்து, விடை 1,472 என்று தீர்மானிக்கின்றார்.

இத்தகைய சிறு கணக்கில் இஃது ஒரு பெரும் பொருளன்று. ஒரு வீட்டுத் தளம் 147 சதுர அடி அன்று என்பதைக் கண்ணே சொல்லிவிடும். உண்மையான ஆபத்து நீண்ட கணக்குகளின் நடுவே மறைந்திருக்கின்றது. 1,472 என்ற பெரிய உறுப்போடு 3.6 என்ற சிறிய உறுப்பொன்றைக் கூட்டவேண்டியிருக்கின்றது என வைத்துக்கொள்ளலாம். சரியான கூட்டுத்தொகை 1,475.6. சிறிய உறுப்பிலே தசமப் புள்ளி ஓர் இடம் தவறி 36 ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 1,508. இந்த 1,508ஐப் பார்த்து எவரும் ஐயுறமாட்டார். பத்து மடங்கான தவறு, நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலே முகத்தை மூடிக்கொண்டு அடுத்த படிக்குச் சென்றுவிடும்.

1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஆர் 100 என்னும் ஆகாயக் கப்பல் கட்டப்பட்டது. அதன் கணிப்பாளர்களுக்குத் தலைவராக இருந்தவர் நெவில் ஷூட். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற அவர், 1954இல் வெளியிட்ட தமது சுயசரிதைக்குச் சிலைட் றூல் என்றே பெயரிட்டார். அக்கப்பலின் சட்டகம் ஒவ்வொன்றிலும் எழும் தகைப்புகளைக் காண்பதற்கு, பல தெரியாக் கணியங்களையுடைய சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கவேண்டியிருந்தது. ஒரு சட்டகத்தின் கணக்கே மாதக்கணக்கில் நீண்டது. அத்தகைய கணக்கின் முதல் வாரத்தில் இடந்தவறிய ஒரு புள்ளி, கடைசி வாரம் வரையிலும் எல்லாத் தாள்களையும் கெடுத்துவிடக்கூடும். ஆர் 100 கப்பல் 1930இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கனடாவுக்குச் சென்று பத்திரமாகத் திரும்பியது.

துல்லியம் வேண்டுவோர்க்கென நீண்ட அளவிடைகள் செய்யப்பட்டன என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஜோர்ஜ் புல்லர் என்னும் பேராசிரியர் 1878இல் காப்புரிமை பெற்ற கருவியில், அளவிடை ஓர் உருளையின்மேற் சுருளாகச் சுற்றப்பட்டிருந்தது. சுருளை நீட்டினால் 41 அடி 8 அங்குலம். அதில் நான்கு இலக்கங்களைத் திடமாக வாசிக்கலாம். ஆயினும், அளவிடையை எவ்வளவு நீட்டினும் அது தரும் இலக்கங்கள் பெருகுமேயன்றித் தசமப் புள்ளி கிடைக்காது. நிமிட முள்ளை எவ்வளவு நீளமாகச் செய்தாலும் அது மணியைக் காட்டாதன்றோ?

ஆகவே, கைவிடப்பட்ட அந்த முழுவெண் பகுதியை எவ்வாறாயினும் மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மக்கள் கண்ட வழிகள் பல. அவற்றுட் சில மனத்தாற் செய்வன. சில கோலிலேயே பொறிக்கப்பட்டன.

மனத்தாற் செய்யும் வழிகளுள் முதலாவது, ஏற்கெனவே கூறிய உத்தேசக் கணிப்பு. இரண்டாவது, எண்களைப் பத்தின் வலுக்களாகப் பிரித்தல். 0.00038ஐ 62,000ஆற் பெருக்கி 0.047ஆல் வகுக்கவேண்டும் எனின், 3.8, 6.2, 4.7 என்ற இலக்கங்களைக் கோலிடம் ஒப்படைத்துவிட்டு, பத்தின் வலுக்களைத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொள்வர். கோல் 5.01 என்று சொல்லும். வலுக்கள் முறையே கழித்தல் 4, கூட்டல் 4, கழித்தல் 2. வகுப்பதால் இறுதியானதன் குறி மாறும், எஞ்சுவது 2. எனவே விடை 501. இங்கே தாளில் எழுதிய அந்தச் சிறு எண்களே மணி முள்ளாக நின்று உதவுகின்றன.

மூன்றாவது வழி இலக்கங்களை எண்ணுதல். இதன் விதி மிக எளிது. சீ, டீ அளவிடைகளிற் பெருக்கும்பொழுது, நழுவும் சட்டம் இடப்புறமாக வெளியே நீண்டால், இரு எண்களின் முழுவெண் இலக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். வலப்புறமாக நீண்டால், கூட்டியதில் ஒன்றைக் கழித்தல் வேண்டும். 46ஐ 32ஆற் பெருக்குகையிற் சட்டம் இடப்புறம் நீளும்; இரண்டும் இரண்டும் நான்கு; 1,472 நான்கு இலக்கம். 23ஐ 32ஆற் பெருக்குகையில் வலப்புறம் நீளும், நான்கில் ஒன்று போக மூன்று, விடை 736. வகுத்தலுக்கும் இதை ஒத்த விதி உண்டு. இவ்விதிகளின் சுருக்கத்தைச் சில கோல்களின் முனைகளிலேயே பொறித்துவைத்தனர். இவ்விதி ஏன் பொருந்துகின்றது என்பதையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இரு தசமப் பகுதிகளைக் கூட்டும்பொழுது, கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டியதா, இல்லையா என்பதைச் சட்டம் நீளும் பக்கமே அறிவிக்கின்றது. கருவி தான் கைவிட்டதைப் பற்றிச் சாடையாகச் சொல்லும் ஒரே வார்த்தை அதுவாகும்.

இனிக் கோலிலேயே பொறிக்கப்பட்ட உதவிகளை நோக்கலாம். பிரெஞ்சுப் படை அதிகாரியாகிய அமெடே மன்ஹைம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த கோலில், ஏ, பீ என்னும் அளவிடைகளும் இடம்பெற்றன. இவை ஒரே நீளத்தில் 1 முதல் 10 வரையும், மீண்டும் 10 முதல் 100 வரையும் இரண்டு தசாப்தங்களை அடக்கியவை. 4ஐ 8ஆற் பெருக்கினால், சீ, டீ அளவிடைகளில் விடை கோலின் முனையைத் தாண்டிப் போய்விடும். ஏ அளவிடையிலோ அது இரண்டாம் பாதியிற் சென்று 32 என்றே நிற்கும். ஒரு தசாப்தத்தை மட்டும் தாண்டும் கணக்கில் தசமப் புள்ளி தொலைவதில்லை.

ஆனால் இந்த அளவிடையின் பெரும்பயன் வர்க்கமூலம் காண்பதிலேயே வெளிப்படுகின்றது. ஏ அளவிடையில் ஓர் எண்ணுக்கு நேர்கீழே டீ அளவிடையில் அதன் வர்க்கமூலம் இருக்கும். 64 என்றால் வர்க்கமூலம் 8. 640 என்றால் 25.3. இரண்டுக்கும் தொடக்க இலக்கங்கள் ஒன்றே. மூலங்களோ முற்றிலும் வேறு. முழுவெண் இலக்கங்கள் ஒற்றையாயின் இடப்பாதியிலும், இரட்டையாயின் வலப்பாதியிலும் எண்ணைத் தேடவேண்டும் என்பது விதி. கே என்னும் அளவிடை மூன்று தசாப்தங்களை அடக்கியது, அது கனமூலத்துக்கானது. 2.7இன் கனமூலம் 1.39; 27இன் கனமூலம் 3; 270இன் கனமூலம் 6.46. மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்கள். தசமப் புள்ளியை மறந்து இக்கணக்கைச் செய்தவருக்கு விடையின் இலக்கங்களே தவறிவிடும். இங்கே கருவி, எண்ணின் பருமனை முன்னரே கூறுமாறு தன்னைப் பயன்படுத்துவோரை நிர்ப்பந்திக்கின்றது.

கோணங்களுக்கான அளவிடைகளிலும் இதே தத்துவம் உண்டு. 30 பாகையின் சைன் 0.5, 3 பாகையின் சைன் 0.0523. ஏறத்தாழ 5.74 பாகைக்கு மேற்பட்ட கோணங்களை ஓர் அளவிடையிலும், அதற்குட்பட்ட சிறு கோணங்களை இன்னோர் அளவிடையிலும் பொறித்தனர். முதலாவது அளவிடையிலே கண்ட கோணத்தின் சைன் 0.1க்கும் 1க்கும் இடையில். இரண்டாவதிலே கண்டது 0.01க்கும் 0.1க்கும் இடையில். கோணத்தை எந்த அளவிடையிற் கண்டோம் என்பதே தசமப் புள்ளிக்கு இடம் குறித்துவிடுகின்றது.

இவை எல்லாவற்றினும் வியப்பானது மடக்கையின் மடக்கை என்னும் அளவிடை. இதனை 1815இல் லண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் விளக்கியவர் பீற்றர் மார்க் றொஜே. தொழிலால் அவர் ஒரு வைத்தியர். 1852இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலச் சொற்களஞ்சியமே இன்று அவர் பெயரைப் பலர் அறியக் காரணம். எண்களின் மடக்கைகளுக்கேற்பப் பொறிக்காமல், மடக்கைகளின் மடக்கைகளுக்கேற்பப் பொறித்தால், பெருக்கும் அதே அசைவினால் எண்களின் வலுக்களைக் காணலாம் என்பதை அவர் காட்டினார்.

வட்டிக்கு வட்டி கணக்கு ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி எனின், ஒரு ரூபா ஓராண்டில் 1.05 ரூபாவாகும். கோலிலே 1.05 என்பதற்கு நேரே நழுவும் சட்டத்தின் தொடக்கத்தை வைத்து, சட்டத்திலுள்ள 2 என்னும் குறியின்மேல் ஓடியின் கோட்டைப் பொருத்துக. ஓடியின் அந்த ஒரே கோட்டின் கீழே மூன்று அளவிடைகள் மூன்று விடைகளைக் காட்டும். முதலாவதில் 1.1025, அஃது இரண்டு ஆண்டுகளின் பின் உள்ள தொகை. இரண்டாவதில் 2.65, அஃது இருபது ஆண்டுகளின் பின் உள்ளது. மூன்றாவதில் ஏறத்தாழ 17,300. அஃது இருநூறு ஆண்டுகளின் பின் உள்ளது. இந்த எண்களிலே தசமப் புள்ளி பொறித்தபடியே இருக்கின்றது. வாசிப்பவர் அதனைத் தேடவேண்டியதில்லை. இவ்வளவிடையில் 2.65 என்ற இடம் 2.65 மாத்திரமே, அது 26.5 ஆகவோ 265 ஆகவோ ஒருநாளும் மாறாது.

எனினும், பொறுப்பு முற்றாக நீங்கிவிட்டதா என்றால், இல்லை. இரண்டா, இருபதா, இருநூறா என்பதைக் கோல் இப்பொழுதும் அறியாது. அதனை அறிந்து மூன்று அளவிடைகளுள் உரியதைத் தேர்பவர் மனிதரே. விடையின் வாயிலிலே நின்ற கேள்வி, கணக்கின் வாயிலுக்கு இடம் மாறியிருக்கின்றது. வாசித்தபின் புள்ளி வைப்பதற்குப் பதிலாக, வாசிக்குமுன் அளவிடையைத் தேர்தல் வேண்டும்.

தசமப் புள்ளிக்கென்றே அமைந்த இன்னொரு வழியும் உண்டு. 25 சதமமீற்றர் நீளமான கோலில் ஒரே தசாப்தத்தைப் பரப்பாமல், பத்துத் தசாப்தங்களை அடுக்கி நெருக்கிவிட்டால், 1 முதல் ஆயிரங் கோடி வரையிலான எண்களெல்லாம் அதனுள் அடங்கும். ஒவ்வொரு தசாப்தத்துக்கும் கிடைப்பது இரண்டரைச் சதமமீற்றர் மாத்திரமே. அதில் 1,472 என்று வாசித்தல் இயலாது. ஆனால் 46ஐயும் 32ஐயும் அதிற் பெருக்கினால், நீளம் 7.9 சதமமீற்றரில் வந்து நிற்கும். ஆயிரத்தின் குறி 7.5இல் இருக்கின்றது; பத்தாயிரத்தின் குறி 10இல் இருக்கின்றது. ஆகவே விடை ஆயிரத்தைச் சிறிது கடந்தது என்பது தெளிவு. பெரிய அளவிடை 1472 என்ற இலக்கங்களைத் தந்தது; நெருக்கிய அளவிடை, அவை ஆயிரத்தின் வரிசையில் நிற்பன என்று தந்தது. ஒன்று நிமிட முள். மற்றது மணி முள். இரண்டும் சேர்ந்தபொழுது கடிகாரம் முழுமை பெறுகின்றது.

இத்தனை வசதிகள் இருந்தும், பெரும்பாலான பொறியியலாளர் தம் தொழில்நாள் முழுவதும் மனக்கணிப்பையே நம்பினர். அதற்குக் காரணம் பழமையிற் பற்றன்று. புள்ளியைக் காட்டும் அளவிடையிலும் கை தவறலாம். 32க்குப் பதிலாக 320இல் ஓடியை நிறுத்திவிடலாம். அவ்வேளையில், விடை இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று முன்னரே அறிந்திருந்த மனமே தவறைப் பிடிக்கும். அளவிடையும் மனமும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தால், அம்முடிவை நம்பலாம். இரண்டும் முரண்பட்டால் கணக்கை மீண்டும் செய்தல் வேண்டும். ஒன்றையொன்று சோதிக்கும் இரு சாட்சிகள் இருப்பதே பாதுகாப்பு.

1972இல் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் எச்பீ 35 என்னும் கைக் கணிகருவியை வெளியிட்டது. மடக்கை, கோணவிகிதங்கள், வலுக்கள் ஆகிய யாவற்றையும் அது பத்து இலக்கங்களிற் காட்டியது. தசமப் புள்ளியையும் தானே வைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நழுவுகோல் வழக்கொழிந்தது. தலைமுறைகளாகத் திறந்திருந்த தொழிற்சாலைகள் அதன் உற்பத்தியை நிறுத்தின. மேசை இழுப்பறைகளில் உறங்கிய கோல்கள் சேகரிப்போர் கைக்குச் சென்றன.

கருவி மறைந்தது, ஆனால் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. இன்றைய கணிகருவி புள்ளியைத் தானே வைக்கின்றது என்பது உண்மை. ஆனால் அதற்குள் எண்ணை இடும் விரல் புள்ளியைத் தவறவிட்டால், தவறான விடையையும் அதே பத்து இலக்கத் துல்லியத்தோடு அது காட்டும். பத்து மடங்குத் தவறு வைத்தியத் துறையில் இன்றும் அஞ்சப்படும் ஒன்றாகும். மருந்தின் அளவை எழுதும்பொழுது, புள்ளி ஐந்து என்பதை வெறும் புள்ளியோடு தொடங்காமல், முன்னால் ஒரு பூச்சியம் இட்டு 0.5 என்றே எழுதவேண்டும் எனவும், முழு ஐந்தை 5.0 என்று எழுதாமல் 5 என்றே எழுதவேண்டும் எனவும் மருந்துப் பாதுகாப்பு நெறிகள் வற்புறுத்துகின்றன. முதலாவதிற் புள்ளி கண்ணுக்குத் தப்பினால் அரை ஐந்தாகும். இரண்டாவதில் தப்பினால் ஐந்து ஐம்பதாகும். அந்தப் பூச்சியமும் ஒரு வகையில், புள்ளியைத் தொலையாமற் காக்க நழுவுகோலிற் பொறித்த அளவிடை போன்றதே.

ஆகவே, பாடசாலை மாணவரோ, கடைக் கணக்கு எழுதுபவரோ, கட்டடம் எழுப்புபவரோ, ஒரு கணக்கைக் கருவியிடம் ஒப்படைக்குமுன், விடை பத்தின் வரிசையிலா, நூற்றின் வரிசையிலா, ஆயிரத்தின் வரிசையிலா வரவேண்டும் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்துக்கொள்வது நலம். 46ஐயும் 32ஐயும் கண்டவுடன் 1,500 என்று மனம் சொல்லுமாயின், கருவி 14,720 என்று காட்டும்பொழுது அதனை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். நழுவுகோலைக் கையாண்ட தலைமுறையினர் அவ்வாறு எண்ணியது அறிவுரை கேட்டதனால் அன்று. அவர்களுடைய கருவி அதனைச் சொல்ல மறுத்தது. ஆதலால் அவர்கள் தாமே அறிந்துகொள்ளவேண்டியதாயிற்று.